மாநகரங்கள் கண்டோம்

சென்ற கோடையில் சாந்தோம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றுடன் வடநாட்டுச் சுற்றுலா சென்றோம். மும்பையில், 1924-இல் திறக்கப்பட்ட இந்திய நுழைவாயிலின் முன் பேருந்து ஒரு மணி நேரம் நின்றது. நெல்லைச் சீமைத் தமிழர் தலைமுறைகளாக வாழும் தாராவியோ பயணப் பட்டியலில் இல்லை! ஆதலின் மறுநாள் மின்சார ரயிலேறி நாமே சென்றோம். குறுகிய சந்தில் நம் வெள்ளை அங்கியைக் கண்ட மூதாட்டி ஒருவர், "சாமி, நம்மூர்ப் பக்கம் மழை உண்டா?" என வினவினார். ஊரை விட்டு வந்து ஐம்பது ஆண்டுகளாம். டில்லியின் அகன்ற சாலைகளில் ஒரு பகல் கழிந்தது, அவ்வளவே.

கொல்கத்தாவில், அன்னை தெரேசா 1997-இல் அடக்கம் செய்யப்பட்ட இல்லத்தை அடைந்தோம். கல்லறை எளியது. அவர் வாழ்ந்த சிற்றறையில் ஒரு கட்டில், ஒரு மேசை. கோட்டைகளில் ஓடித்திரிந்த நம் சிறுவர்கள் அவ்வறை வாயிலில் நெடுநேரம் நின்றனர்.