பிறர் எழுதாத பெயர்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டி ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் தொடங்குகிறது. 2011 முதல் அதில் 68 அணிகள் இடம்பெறுகின்றன. தொடக்க ஆட்டங்களில் நான்கு அணிகள் வெளியேறியபின், எஞ்சும் 64 அணிகள் ஆறு சுற்றுகளில் மோதுகின்றன. ஒருமுறை தோற்ற அணிக்கு மறுவாய்ப்பு இல்லை. இந்த 63 ஆட்டங்களிலும் வெல்லப்போவது யார் என்பதை முன்கூட்டியே ஒரே தாளில் நிரப்பித் தருவதற்குப் 'பிராக்கெட்' என்று பெயர். உடன் பணிபுரிவோர் ஆளுக்குச் சிறுதொகை போட்டு, யாருடைய தாள் அதிகப் புள்ளிகள் பெறுகிறது என்று பார்ப்பது 'பூல்' எனப்படும் பந்தயம். தாளை நிரப்பக்கூடிய வழிகளின் எண்ணிக்கை 19 இலக்கங்கள் கொண்டது. ஆகவே பிழையற்ற தாளை ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. பக்கத்து மேசைக்காரரைவிடக் குறைவாகப் பிழை செய்தால் போதும்.

2015ஆம் ஆண்டு, நடுமேற்குப் பகுதியின் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறையினர் 40 பேர் இத்தகைய பந்தயம் ஒன்றில் சேர்ந்தனர். ஆளுக்கு 10 டாலர். திரளும் 400 டாலரும் முதலிடம் பெறுபவர் ஒருவருக்கே. புனேயிலிருந்து ஆய்வுக்காகச் சென்றிருந்த மாணவி ஒருத்தியும் அவர்களுள் இருந்தாள். கூடைப்பந்து அவளுக்குப் புதிது, நிகழ்தகவு புதிதன்று.

அவள் முதலில் கவனித்தது புள்ளி வழங்கும் முறையை. முதல் சுற்றில் சரியான ஒரு கணிப்புக்கு 1 புள்ளி. பிறகு சுற்றுக்குச் சுற்று அது இரட்டித்து 2, 4, 8, 16 என வளர்ந்து இறுதி ஆட்டத்துக்கு 32 ஆகிறது. முதல் சுற்றின் 32 ஆட்டங்களையும் சரியாகச் சொல்பவர் பெறும் புள்ளிகளை, சாம்பியனின் பெயரை மட்டும் சரியாகச் சொல்பவர் அந்த ஓர் ஆட்டத்திலேயே பெற்றுவிடுகிறார். புதியவர்கள் தங்கள் துணிச்சலை எல்லாம் முதல் சுற்றிலேயே செலவிட்டு, எளிய அணி எது வலிய அணியைக் கவிழ்க்கும் என்று தேடித் தேடி எழுதுகிறார்கள். அதில் வரும் ஆதாயம் சிறிது. வீழ்வதாக எழுதிய வலிய அணி வீழாமல் முன்னேறிவிட்டாலோ, பின்வரும் சுற்றுகளின் பெரிய புள்ளிகள் கைவிட்டுப் போகும். ஒவ்வொரு வட்டாரத்திலும் முதல் தரநிலை பெற்ற அணி பதினாறாம் தரநிலை அணியிடம் 1985 முதல் 2014 வரை நிகழ்ந்த 120 ஆட்டங்களில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அது முதன்முதலாக நேர்ந்தது 2018இல்தான். ஆகவே அவள் தொடக்கச் சுற்றுகளில் பெரும்பாலும் வலிய அணிகளையே எழுதினாள்.

இறுதிக் கட்டத்தில்தான் சிக்கல் எழுந்தது. அவ்வாண்டு கென்டக்கி அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் போட்டிக்குள் நுழைந்திருந்தது. 1976இல் இந்தியானா அணி சாதித்தபின், தோல்வியே காணாமல் வாகை சூடிய ஆடவர் அணி வேறொன்றில்லை. கென்டக்கி வெல்லும் வாய்ப்பு 40 விழுக்காடு என அவள் மதிப்பிட்டாள். வேறெந்த அணியும் அருகில்கூட வரவில்லை. ஆனால் துறையில் பேசிப் பார்த்தபோது, 20 பேர் கென்டக்கியையே எழுதப்போவது தெரிந்தது. அவளும் எழுதினால் 21 பேர். கென்டக்கி வென்றாலும், மற்ற ஆட்டங்களின் சிறுசிறு வேறுபாடுகளால் அவர்களுள் ஒருவரே முந்த முடியும். 40ஐ 21ஆல் வகுத்தால் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்டாலே நாற்பது பேரில் ஒருவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு 2.5 விழுக்காடு.

விஸ்கான்சினுக்கு அவள் தந்த மதிப்பு 12 விழுக்காடு, எழுதியிருந்தோர் இருவர். அவளோடு மூவர். பங்கு 4 விழுக்காடு. டியூக்கிற்கு 10 விழுக்காடு; எழுதியிருந்தோர் நால்வர். அவளோடு ஐவர். பங்கு 2 விழுக்காடு. தாள் கேட்பது வெல்லப்போவது யார் என்று. பரிசு கிடைப்பதோ வேறொரு கேள்விக்கு: தகுதி இருந்தும் பிறரால் எழுதப்படாத அணி எது? நால்வர் ஐவர் மட்டும் கூடும் பந்தயத்தில் இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான். ஆட்கள் பெருகப் பெருக விடைகள் விலகிச் செல்கின்றன. அவள் விஸ்கான்சின் என்று எழுதினாள்.

இந்தக் கணக்கை அவளுக்குக் கற்பித்தவர் அவளுடைய நெறியாளரே. அவர் கென்டக்கியின் கிழக்கே, நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். வானொலியில் தந்தையோடு அந்த அணியின் ஆட்டங்களைக் கேட்டு வளர்ந்தவர். ஆண்டுதோறும் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு, தம் தாளில் கென்டக்கி என்றே எழுதுவார். 2013இல் அவ்வணி போட்டிக்கே தேர்வாகாதபோது அவர் பந்தயத்தில் சேரவில்லை.

ஏப்ரல் 4, அரையிறுதி. கென்டக்கி அதுவரை 38 ஆட்டங்கள் வென்றிருந்தது. எதிர் அணி விஸ்கான்சின். பேராசிரியர் தம் மாணவர்களை வீட்டுக்கு அழைத்திருந்தார். அவருடைய மனைவி பெரிய பாத்திரம் நிறையக் காரமான பீன்ஸ் சமைத்திருந்தார். மாணவி நீல வண்ணத் துணி விரித்த நாற்காலியில் அமர்ந்து, அவர் தந்த உணவை உண்டபடி, அவருடைய அணி தோற்க வேண்டும் என்று விரும்பிக்கொண்டிருந்தாள். கணக்குப் போட்ட நாளில் 'பிறர்' என்பது ஒரு வகுக்கும் எண்ணாக மட்டுமே இருந்தது. 20 பேர் தவறினால் தன் பங்கு உயரும் என்பதில் கூச்சப்பட ஏதுமில்லை. அந்த இருபதில் ஒருவர் இப்போது இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, பேச்சற்றுத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஸ்கான்சின் 71–64 என வென்றது. அறையில் எவரும் பேசவில்லை. சற்றுப் பொறுத்துப் பேராசிரியர் அவளிடம், தாளில் யாரை எழுதினாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலையசைத்து, "கணக்கு சரிதான்" என்றார். அதன்பின் எழுந்து, காலியான தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

இரண்டு நாள் கழித்து இறுதிப்போட்டியில் டியூக் 68–63 என விஸ்கான்சினை வீழ்த்தியது. 400 டாலர், டியூக்கை எழுதிய நால்வரில் ஒருவருக்குப் போயிற்று. மாணவியின் உத்தி அதனால் பிழையாகிவிடவில்லை. 4 விழுக்காடு என்றால் 25 ஆண்டுகளில் ஒருமுறை. எஞ்சிய 24 ஆண்டுகளும் தோல்விதான். நல்ல உத்தியையும் கெட்ட உத்தியையும் ஓர் ஆண்டின் முடிவைக் கொண்டு பிரித்தறிய இயலாது. இது அவளுக்குத் தெரியும். வருத்தமும் அதைப் பற்றியதன்று.

அடுத்த மார்ச்சிலும் அவள் அதே முறையில்தான் தாளை நிரப்பினாள். ஒரே ஒரு மாற்றம்: கொடுப்பதற்கு முன்பே பேராசிரியரின் அறைக்குச் சென்று அதை அவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றுச் சுற்றாகப் படித்து, ஓர் இடத்தில் வகுத்தலைத் திருத்தினார். அவருடைய தாள் மேசைமேல் கிடந்தது. நடுக்கட்டத்தில் கென்டக்கி என்று எழுதியிருந்தது.