இலுப்பை எண்ணெய் கற்பித்த பாடம்

காசிக்கு வந்த முதல் மார்கழியில் என்னைத் திகைக்க வைத்தது கங்கையன்று; தேங்காய் எண்ணெய். மயிலாடுதுறையில் மார்கழி விடியலில் அது சற்றே வெண்மை படரும், அவ்வளவுதான். இங்கோ, அம்மா கொடுத்தனுப்பிய புட்டியைக் கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை. கல்லாக உறைந்து கிடந்தது. அறைத் தோழன் கடுகெண்ணெயைத் தாராளமாகத் தலையில் தேய்த்துக்கொண்டே, "உங்கள் ஊர் எண்ணெய்க்குக் குளிர் ஆகாது போலும்" என்று சிரித்தான். முதுகலை வேதியியலில் ஆய்வுப்பொருள் தேடியபோது அந்தப் புட்டிதான் நினைவுக்கு வந்தது.

நேரான விறகு நெருங்கி அடுங்கும். கோணல் விறகு அடங்காது. கொழுப்பமிலங்களும் அப்படியே. நிறைவுற்ற ஸ்டீயரிக் அமிலம் நேர் விறகு. அது உருக ஏறக்குறைய 69 பாகை செல்சியஸ் வேண்டும். அதே 18 கரியணுக்கள் கொண்ட ஓலியிக் அமிலத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அந்த ஒரு கோணலால் 13 பாகையளவிலேயே உருகிவிடும். இரு கோணல் கொண்ட லினோலியிக் அமிலம் சுழியத்திற்குக் கீழும் நீர்மமாக இருக்கும்.

மரங்கள் இக்கணக்கை அறியும். காசுமீரத்து அக்ரூட்டின் எண்ணெயில் பெரும்பகுதி லினோலியிக். வெப்ப நாட்டுக் கொக்கோ, சால், தென்னை ஆகியவற்றின் கொழுப்போ எளிதில் உறையும். குளிர்ந்த மண்ணில் முளைக்கும் விதைக்கு உறையாத எண்ணெயே உதவும். வெப்ப மண்ணில் நிறைவுற்ற கொழுப்பு சற்றே கூடுதல் ஆற்றல் தரும். 2000-ஆம் ஆண்டில் லிண்டர் என்ற அறிஞர் தந்த விளக்கம் இது. இம்மாற்றம் தலைமுறைகளில் நேர்வது. ஒரே பருவத்தில் நேரும் மாற்றமும் உண்டு. ஒரே இரகச் சூரியகாந்தி குளிரில் முற்றினால் லினோலியிக் மிகும். வெயிலில் முற்றினால் ஓலியிக் மிகும்.

நான் இலுப்பையை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க் குளக்கரையில் மூன்று மரங்கள். அப்பாயி விதை பொறுக்கி ஒரு சாக்கு அனுப்பினார். இங்கே அதற்கு மகுவா என்று பெயர். மிர்சாப்பூர்ப் பக்கத்துக் காட்டோரப் பெண்களிடம் வாங்கினேன்.

ஊர் விதையின் எண்ணெய் கறுத்து நாறிற்று. அதன் அமில எண் மற்றதைப்போலப் பன்மடங்கு. "காவிரிப் படுகையின் ஈரக் காற்றே காரணம்" என்று அழகாக எழுதிவிட்டேன். துறைக் கூட்டத்தில் படிக்கவும் நாள் குறித்தாயிற்று. பெருமை தாங்காமல் அப்பாயியிடமும் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. "நம்ம ஊரு வெதை மட்டமா தம்பி? அந்த எண்ணெயிலதான் உங்க தாத்தா கோயிலுக்கு வெளக்குப் போட்டாரு" என்றார்.

கட்டுரையைப் படித்த பேராசிரியர் மூன்றே கேள்விகள் கேட்டார். எத்தனை மரம்? எந்த நாளில் பொறுக்கியது? எப்படி உலர்த்தியது? மூன்றாவதற்கு விடை இல்லை. மீண்டும் அப்பாயியைக் கேட்டேன். "வெயில் எங்க இருந்துச்சு? நாலு நாளா மழை. ஈரத்தோடயே சாக்குல கட்டிட்டேன்" என்றார்.

ஈரம் தங்கிய விதையில் உள்ள நொதி கொழுப்பைப் பிளந்து அமிலத்தை விடுவிக்கும். நான் அளந்தது காவிரிப் படுகையை அன்று, ஒரு சாக்கை! போதாக்குறைக்கு, வடக்கு இலுப்பை அகன்ற இலையது. தெற்கு இலுப்பை நீண்ட இலையது. தாவரவியலார் இரண்டையும் பிரித்தே எழுதுவர். வேறுபாடு வானத்தாலா குலத்தாலா என்றறிய இரண்டையும் ஒரே நிலத்தில் நட்டுக் காய்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பத்தாண்டும் ஆகலாம். என் படிப்போ இரண்டே ஆண்டு.

அந்த வாக்கியத்தை அடித்தேன். கூட்டத்தில் படிக்கவில்லை. ஓராண்டு உழைப்பில் எஞ்சியது இரண்டு பக்கம். "குற்றம் வெதையில இல்ல அப்பாயி, ஈரத்துல" என்று சொன்ன பிறகுதான் மனம் ஆறிற்று. "அப்ப வர்ற ஆனியில நல்லாக் காயவெச்சு அனுப்புறேன்" என்றார்.

விடுமுறையில் சென்றால், "வடக்கே போய் மாறிவிட்டாய்" என்கிறார்கள் ஊரில். "மதராசிகளே இப்படித்தான்" என்கிறார்கள் இங்கே. இருவரையும் பேராசிரியரின் கேள்விகளையே கேட்கத் தோன்றுகிறது: எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? எப்போது பார்த்தீர்கள்? எந்த நிலையில் பார்த்தீர்கள்?