ஒரு மில்லிமீற்றர்

விஞ்ஞானக் கண்காட்சிக்கு நான்கு நாட்களே இருந்தன. பூச்சாடி மண் காய்ந்தால் ஒலியெழுப்பும் கருவியொன்றைச் செய்வதாக ஆசிரியையிடம் சொல்லியிருந்தேன். அதற்கான மின்சுற்றைக் கணினியில் வரைந்து முடித்தேன்.

பலகை செய்யும் முறை எளிது. வரைபடத்தை லேசர் பிரின்டரில் வழுவழுப்பான தாளில் அச்சிட்டு, செப்புப் பலகையின் மேல் கவிழ்த்து, சூடான அயனால் அழுத்த வேண்டும். மை உருகிச் செப்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெரிக் குளோரைட்டுக் கரைசலில் இட்டால் மை மூடாத செப்பெல்லாம் கரைந்துவிடும்.

போட்டோ கொப்பிக் கடையில் எடுத்த தாளில் கோடுகள் சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாக இருந்தன. "நானா, உங்கட மெசின் சரியில்ல" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், கோடுகளை நான் நீல நிறத்திலேயே சேமித்திருந்தேன். கறுப்பு மை மட்டுமுள்ள இயந்திரம் நீலத்தைப் புள்ளிகளாகத்தானே அச்சிடும்!

வெட்கத்தில் வேறு கடைக்குப் போனேன். இம்முறை கோடுகள் கன்னங்கரேலென்று வந்தன. பலகையைச் செய்து துளையுமிட்டேன். 28 கால்களுள்ள சில்லை வைத்தால், ஒரு முனைக் கால்கள் இறங்கின. மறுமுனைக் கால்கள் இறங்கவில்லை. வாப்பா வாங்கித் தந்த இரண்டு பலகைகளில் ஒன்று வீணாயிற்று. அழுகை வந்தது.

வாப்பா தையல்காரர். "வெட்ட முந்தி அளந்து பார்த்தீங்களா மகள்?" என்று மட்டும் கேட்டார்.

அடிமட்டத்தை எடுத்தேன். சில்லின் ஒரு பக்கத்தில் 14 கால்கள். இரண்டு கால்களுக்கிடையே 2.54 மில்லிமீற்றர். முதற் காலிலிருந்து கடைசிக் கால் வரை 33 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். என் பலகையில் 32தான் இருந்தது. அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஓரங்களில் இடம் விடுவதற்காக அது முழுப் படத்தையும் சிறிது சுருக்கிவிட்டது.

மறுநாள் முதற் கடைக்கே போனேன். "நானா, அண்டைக்குப் பிழை என்னிலதான். மன்னிச்சிக்கோங்க" என்றேன். "பரவாயில்ல தங்கச்சி" என்று சிரித்தார். 'உண்மையான அளவு' என்று மாற்றி அச்சிட்டுத் தந்தார். அங்கேயே தாளின் மேல் சில்லை வைத்துப் பார்த்தேன். எல்லாக் கால்களும் பொருந்தின.

கண்காட்சியில் கருவி ஒலித்தது. இப்போது எந்த வரைபடத்தை அச்சிட்டாலும் பலகையைத் தொடுமுன் தாளை அளக்கிறேன். பிறரைக் குறை சொல்ல வாய் திறக்குமுன் என்னையும் ஒருமுறை அளந்துகொள்கிறேன்.