இடக்கைக்கு ஒரு விசைப்பலகை

ஈராண்டுகளாகக் களப்பதிவுகளை ஈலான் மென்பொருளில் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கியதில் என் வலது மணிக்கட்டு நோவுற்றது. ஆய்வேடு பாதியில் நின்றது. சுட்டியின் பணியை இடக்கைக்கு மாற்ற எண்ணி, விளையாட்டாளர்களுக்கான ஒருகை விசைப்பலகைகளை ஆராய்ந்தேன்.

ரேசர் டார்டரஸ் வி2 தன் 32 விசைகளால் ஈர்த்தது. ஆயினும் அவற்றை மாற்றியமைக்கத் தனி மென்பொருள் தேவை. துறைக் கணினியிலோ எதையும் நிறுவ அனுமதியில்லை. எனவே கியூஎம்கே நிரலில் இயங்கும் சிறு பலகையொன்றைத் தேர்ந்தேன். விசையமைப்பு அதற்குள்ளேயே பதிந்திருப்பதால் எந்தக் கணினியில் செருகினாலும் இயங்குகிறது. வாங்க எண்ணுவோர் விசைகளின் எண்ணிக்கையைவிட, அமைப்பு எங்கே தங்குகிறது என்பதையே முதலில் பாருங்கள்.

இயக்கு, நிறுத்து, பின்செல், துண்டாக்கு: எனக்கு நாள்தோறும் வேண்டுவன இவையே. வலி தணிந்துவருகிறது. மிகுதியும் தேய்ந்தது பின்செல் விசை. முதியவர் ஒருவர் தயங்கிச் சொன்ன சொல்லை ஒருமுறை மட்டும் கேட்டு எழுதிவிட மனம் ஒப்புவதில்லை.