உப்பில் ஓடும் சைக்கிள்

சைக்ளோகுறொஸ் என்பது சேற்றுக்கென்று செய்யப்பட்ட பந்தயச் சைக்கிள். ஐரோப்பாவில் வீதிப் பந்தயங்கள் ஓய்ந்துபோகும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும், வயல், தோப்பு, மணல், படிக்கட்டு எல்லாவற்றையும் வளைத்துப் போட்ட ஒரு சுற்றுப்பாதையில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் நடக்கிற பந்தயத்துக்கு உரியது அது. பிரான்ஸில் முதலாவது தேசியப் போட்டி 1902-இலும், முதலாவது உலகப் போட்டி பாரிஸில் 1950-இலும் நடந்தன. பாதைக்குக் குறுக்கே பலகைத் தடை வந்தால் ஓட்டுபவர் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி, மறுபுறம் பாய்ந்து ஏறுவார். இதற்காகவே அந்தச் சட்டகம் பாரமில்லாமல் இருக்கிறது. சேறு அப்பிக்கொண்டாலும் சில்லு சுழலவேண்டும் என்பதற்காக ரயருக்கும் சட்டகத்துக்கும் இடையே தாராளமாக இடம் விடப்பட்டிருக்கிறது. பந்தய விதி ரயரின் அகலத்தை 33 மில்லிமீற்றரோடு நிறுத்திவிடுகிறது. சட்டகமோ பெரும்பாலும் அதைவிடப் பெரிய ரயரையும் ஏற்கும்.

வேலைக்குப் போய்வருபவருக்குப் பயன்படுவது அந்த இடைவெளிதான். சேற்றுக்கு விட்ட இடத்தில் மட்கார்ட் பூட்டலாம். சற்று அகன்ற, வழுவழுப்பான ரயரைப் போட்டுக் குண்டும் குழியுமான தெருவில் இடுப்பு நோகாமல் போகலாம். ஒல்லியான ரயரில் ஓடும் வீதிப் பந்தயச் சைக்கிளிடம் இந்தத் தாராளம் இல்லை. மலைச் சைக்கிளிடம் தாராளம் இருந்தாலும் தார் வீதியில் அது சோம்பேறி.

1980களிலிருந்து இலண்டனுக்கு வந்த ஈழத்தமிழர் பலர் பெற்றோல் நிலையங்களிலும் பலசரக்குக் கடைகளிலும் இரவு வேலையும் விடிகாலை வேலையும் பார்த்தார்கள். முதல் ரயில் புறப்படுவதற்கு முன்பே கடை திறக்கவேண்டியவருக்கு இரவு பஸ்ஸை விட்டால் சைக்கிள்தான். திருகோணமலையிலிருந்து போனவர்களுக்கு அது புதிய பழக்கமும் அல்ல. உப்புவெளியிலிருந்து நகருக்கும், உவர்மலையிலிருந்து துறைமுகத்துக்கும், குடாவைச் சுற்றிச் சீனக்குடாவுக்கும் சைக்கிள் மிதித்தவர்கள் அவர்கள். போக்குவரத்தும் ஊரைப் போலவே இடப்பக்கம். வலக்கை பிரேக் முன்சில்லுக்கு என்ற வழக்கமும் ஊரில் உள்ளதுதான். ஐரோப்பாக் கண்டத்திலிருந்து கைமாறி வரும் பழைய சைக்கிள்களில் மட்டும் இது இடம் மாறியிருக்கும். மழையில் அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது அதைக் கண்டுகொள்வதைவிட வாங்கும்போதே கவனித்து, கேபிளை மாற்றிப் பூட்டுவிப்பது நல்லது.

பிரிட்டனில் மலிவாகச் சைக்கிள் வாங்குவதற்கென்று அரசின் ஏற்பாடு ஒன்று 1999 முதல் உண்டு. வேலை கொடுப்பவர் சைக்கிளை எடுத்துத் தருவார். அதன் பெறுமதி வரிக்கு முந்திய சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழியும். நீண்டகாலம் இதற்கு ஆயிரம் பவுண் என்ற எல்லை இருந்ததால், 999 பவுண் விலைச்சீட்டோடு ஒரு வகைச் சைக்கிளே கடைகளில் உருவாகியது. தொடக்கநிலை சைக்ளோகுறொஸ் பலவும் அந்த வகை. ஆனால் கழிவுக்குப் பிறகு சம்பளம் சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது விதி. கவுண்டருக்குப் பின்னால் குறைந்தபட்சக் கூலிக்கு நிற்பவருக்கும், சொந்தமாகச் சிறுகடை நடத்துபவருக்கும் இந்த வாசல் திறப்பதில்லை. கணினிக் கம்பனியில் வேலை பார்க்கும் மகனுக்குக் கிடைக்கும் சலுகை, இருட்டோடு கடைக்குப் போகும் தகப்பனுக்குக் கிடைக்காது. அதிகம் தேவைப்படுபவரை விட்டுவிட்டுப் போகிற சலுகை இது என்று சொல்வதில் தவறில்லை.

ஆகவே பழைய சைக்கிள். இதில் காலம் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கிறவல் சைக்கிள் என்ற புதிய வகை சந்தையைப் பிடித்துக்கொண்டதால், அதற்கு முந்திய சைக்ளோகுறொஸ்களை விற்கத் துடிப்பவர்கள் ஏராளம். டிஸ்க் பிரேக் வந்ததும் றிம்மைக் கவ்வும் கன்ரிலீவர் பிரேக் சைக்கிள்கள் இன்னும் மலிந்தன. மலிவு என்று அவற்றின் பின்னால் போகவேண்டியதில்லை: மழையில் அவற்றின் பிடி தளரும், வீதி மணல் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு றிம்மையே அரைத்துவிடும். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கெட்டால் கருவி வேண்டும், பழகிய கை வேண்டும். கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக் உள்ள, அலுமினியச் சட்டகமும் இரும்பு அல்லது காபன் முன்கவையும் கொண்ட சாதாரண சைக்கிளே இந்த வேலைக்குப் பொருத்தம்.

பார்க்கப் போகும்போது பெயின்ற் மினுக்கத்தை விட்டுவிட்டு முதலில் ஆசனத் தண்டை அசைத்துப் பார்க்கவேண்டும். அலுமினியச் சட்டகத்துக்குள் தண்டு இறுகிப்போயிருந்தால் அந்தச் சைக்கிள் பல குளிர்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது என்று பொருள். மற்ற ஆணிகளும் அப்படித்தான் இருக்கும். அடுத்து, மட்கார்ட்டும் கரியரும் பூட்ட ஓட்டைகள் உண்டா என்று பார்ப்பது. கலப்பற்ற பந்தயச் சட்டகங்களில் இவை இருக்கமாட்டா. பெடல் அச்சுக்கு அடியில் பொறித்த இலக்கத்தைப் பொலிசார் பயன்படுத்தும் ‘பைக் ரெஜிஸ்டர்’ பதிவில் காசில்லாமல் சரிபார்க்கலாம். களவுச் சாமானை வாங்கிவிட்டு விளக்கம் சொல்வதைவிட இது இலகு. அளவில், ஐந்தரை அடி உயரமானவருக்கு 52 சென்ரிமீற்றரை அண்டிய சட்டகம் சரிவரும். ஊரில் தகப்பனின் பெரிய சைக்கிளில் பாருக்குக் கீழே கால்விட்டு மிதித்துப் பழகியவர்கள் எப்போதும் ஒரு அளவு பெரியதையே தேடுகிறார்கள்.

பந்தயக்காரர் பாரம் என்று கழற்றி எறிந்தவற்றை எல்லாம் வேலைக்குப் போகிறவர் திரும்பப் பூட்டவேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் திருகோணமலைக்கு வந்த றலி, ஹம்பர் வண்டிகளில் முழு மட்கார்ட், செயினை மூடிய தகரம், கரியர், ஸ்ராண்ட், மணி, டைனமோ அனைத்தும் பிறவியிலேயே இருந்தன. பின்னால் வந்த உள்நாட்டு லுமாலாவும் அந்த மரபில் வந்ததே. அந்த வண்டி பாரம்தான்; மழையில் அதன் கம்பிப் பிரேக்கை நம்பவும் முடியாது. ஆனால் செயினுக்கு மேல் கிடந்த அந்தத் தகரம் எத்தனை மாரிகளைத் தாங்கியது என்பது, திறந்த செயினோடு ஒரு குளிர்காலம் ஓடிய பிறகே விளங்கும். சைக்ளோகுறொஸுக்குச் செயின் மூடி பூட்ட வழியில்லை. மட்கார்ட் பூட்டலாம், முன் மட்கார்ட்டின் நுனியில் பழைய ரப்பர் துண்டொன்றைத் தொங்கவிட்டால் பாதித் தண்ணீர் செயினுக்குப் போகாது. இருட்டினால் முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு விளக்கு பிரிட்டனில் சட்டம். பூட்டுக்கு, ‘சோல்ட் செக்கியூர்’ தரச்சான்றில் தங்கம் அல்லது வைரம் என்று குறித்ததை வாங்குவது வழக்கம். பின்சில்லில் ஒரு சின்னப் பூட்டைத் திருகிவிட்டுக் கோணேசர் கோயிலுக்குள் போய்வருகிற பழக்கம் இலண்டனில் செல்லாது.

பராமரிப்பு என்பது பெரும்பகுதி உப்போடு நடக்கும் வழக்கு. துறைமுகப் பட்டினத்தார் அறிந்த எதிரி அது. கார்த்திகை தொடங்கி வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும்போது ஈரமும் உப்பும் சேர்ந்து வரும். வைகாசிக்குப் பின் மேற்கே தரைப்பக்கமிருந்து கச்சான் காய்ந்து வீசும்போது துரு சற்றே ஓயும். காரணம் இது: காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால், படிந்திருக்கும் கறியுப்பு மழையே இல்லாமல் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கசியத் தொடங்கும். உலோகத்தின் மீது எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் கிடக்கும். நகரில் மீன் விற்பவரின் சைக்கிளைக் கிட்டத்தில் பார்த்தால் இந்தப் பாடம் முழுவதும் அதில் இருக்கும். முன்சில்லு பரவாயில்லை. கரியரில் கட்டிய பெட்டியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே கம்பிகளின் அடிப்பகுதி மட்டும் செம்மண் நிறத்தில் பருத்திருக்கும். பற்சில்லின் பற்களுக்கிடையே துரு தூளாகக் கொட்டும். பின் றிம்மின் ஒரு பக்கம் மட்டும் நிக்கல் உரிந்திருக்கும். ஒழுக்கின் தடத்தை விரலால் தொடர்ந்து போகலாம்.

பிரிட்டனில் இதே உப்பு தரைக்கடியிலிருந்து வருகிறது. செஷயரில் வின்ஸ்போர்ட் என்ற ஊரில் 1844-இல் திறக்கப்பட்ட சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கும் கபிலநிறக் கல்லுப்பைப் பனி உறையாதிருக்கக் குளிர்கால இரவுகளில் லொறிகள் வீதியில் தூவிப் போகின்றன. அங்கே குளிர்காலக் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்துக்கு மேலேயே நிற்பதால், சைக்கிளில் தெறித்த உப்பு கழுவும்வரை காய்வதில்லை. நிலாவெளி உப்பளத்து உப்புக்கும் இதற்கும் குணத்தில் வேறுபாடு கிடையாது. இரும்பு ஆணியும் அலுமினியச் சட்டகமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இந்த உப்புநீர் புகுந்தால் மின்கலம் போல வேலைசெய்து அலுமினியத்தை அரிக்கும். ஆசனத் தண்டு இறுகுவதும் ஆணி கழலாமல் போவதும் இதனால்தான்.

வைத்தியம் எளிது, விடாமல் செய்யவேண்டும் என்பதே சிரமம். உப்புத் தூவிய நாளில் வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி சாதாரண தண்ணீர் ஊற்றிச் சீலையால் துடைப்பது. அமுக்கத்தோடு பீய்ச்சும் குழாய் வேண்டாம். அது உப்பை அச்சுகளுக்குள்ளேயே தள்ளிவிடும். வருடத்தில் ஒருமுறை, மார்கழிக் குளிருக்கு முன், ஆசனத் தண்டையும் பெடல்களையும் முக்கிய ஆணிகளையும் கழற்றிக் கிறீஸ் பூசிப் பூட்டுவது. செயினுக்கு ஈரக்காலத்துக்கென்று விற்கும் எண்ணெய் ஒவ்வொரு பூட்டிலும் ஒரு சொட்டு. பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடவேண்டும், வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணைத்தான் சேர்க்கும். ஊரில் அவசரத்துக்குத் தேங்காயெண்ணெய் விட்டவர்கள் உண்டு. அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். திருகோணமலையில் அந்தக் குளிர் அருமை. இலண்டனில் அது கோடைப் பகலிலும் சாதாரணம்.

செயின் தேய்ந்ததா என்று அறிய விசேட கருவி வேண்டியதில்லை, பன்னிரண்டு அங்குல இரும்பு அடிமட்டம் போதும். ஒரு முளையின் நடுவில் பூச்சியத்தை வைத்துச் செயினை இறுக்கிப் பிடித்தால், புதிய செயினில் பன்னிரண்டாவது அங்குலக் கோடு இன்னொரு முளையின் நடுவில் சரியாக விழும். அந்த முளை கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நகர்ந்திருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு என்றால் பின்பற்சில்லும் கூடவே போய்விட்டது. மலிவான செயினை நேரத்துக்கு மாற்றுபவருக்கு விலைகூடிய பற்சில்லு நெடுநாள் உழைக்கும். ரயரில் காற்று, 70 கிலோ எடையுள்ளவருக்கு 35 மில்லிமீற்றர் ரயரில் 55 பி.எஸ்.ஐ. அளவு, தார் வீதிக்குப் போதும்.

2022-இல் இந்தச் சைக்கிள் ஊர்ப்பக்கமும் திரும்பியது. அந்த ஆண்டு யூன் இறுதியிலிருந்து யூலை 10 வரை இலங்கையில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்பட்டது. சீனக்குடாவில் பிரிட்டிஷார் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள், பெரும்பாலானவை காடுபற்றிப் பயனில்லாமல், குடாவுக்கு அப்பால் நிற்க, நகரில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் காத்துக்கிடந்தன. சைக்கிளுக்கு மறுபடி மதிப்பு வந்தது, விலையும் ஏறியது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சைக்கிள் கேட்பது அதன்பின் விநோதமாகப் படவில்லை. 2009-இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் படகுப் பாதைக்காகக் காத்திருக்கும் வேலையை ஒழித்துவிட்டதால், திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு ஒரு காலை மிதியில் போய்விடலாம். அந்த வீதிக்கும், பக்கத்துக் கிறவல் ஒழுங்கைகளுக்கும் சைக்ளோகுறொஸ் நன்றாகவே ஓடும். ஒழுங்கை மணலில் காற்றை 40 பி.எஸ்.ஐ.க்கு இறக்கலாம். உப்புவெளிக் கடற்கரையின் ஈரமணலில் மட்டும் ஓட்டக்கூடாது. படம் எடுக்க அழகாக இருக்கும். ஒரு மாலையில் அச்சுகள் எல்லாம் கரகரக்கத் தொடங்கிவிடும். இரவில் விளக்கு அவசியம், பிரட்ரிக் கோட்டை மான்கள் நகர வீதிகளிலும் திரிவதால்.

சிக்கல் உதிரிப்பாகத்தில்தான். ஊர்ச் சைக்கிளின் 28 அங்குல ரயர் 635 மில்லிமீற்றர் றிம்முக்கு உரியது. சைக்ளோகுறொஸின் 700சி ரயரையும் 28 என்றே அழைப்பதுண்டு, ஆனால் அதன் றிம் 622. பதின்மூன்று மில்லிமீற்றர் வித்தியாசத்தில் ஒன்று மற்றொன்றில் ஏறாது. காற்றடிப்பதிலும் இதே கதை: ஊர்க் கடையின் பம் வால்கட்டைக்குப் பழகியது, இதன் ஒல்லியான பிரஸ்ரா வால்வுக்கு ஒரு சிறிய பித்தளை இணைப்பு வேண்டும். சில பென்ஸுக்குக் கிடைக்கும் அந்தத் துண்டை மறந்துவிட்டு வந்தால், நல்ல சைக்கிள் காற்றில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கும். ஒட்டுப்போடுவதில் குறையில்லை. பேசினில் தண்ணீர் வைத்து ரியூப்பை அமுக்கிக் குமிழ் பார்க்கும் கைக்கு எந்த நாட்டு ரியூப்பும் ஒன்றே.

விடுமுறை முடிந்து சைக்கிளை உறவினர் வீட்டில் விட்டுப் போகிறவர்கள், கடலுக்கு முகம் காட்டாத அறையில் வைத்து, செயினிலும் கேபிள் முனைகளிலும் ஆணித் தலைகளிலும் கிறீஸ் தடவி, சில்லுகள் நிலத்தில் தொடாதபடி தொங்கவிடச் சொல்கிறார்கள். சொன்னபடி அது தொங்குவதில்லை. வீட்டில் ஒரு தம்பியோ மருமகனோ இருந்தால் அடுத்த வாரமே தனியார் வகுப்புக்கு ஓடத் தொடங்கிவிடும். ஓடுகிற சைக்கிளில் செயின் காயாது, அச்சு இறுகாது என்பதால் அதைத் தடுக்கவேண்டியதில்லை. கப்பலில் போடும் அடுத்த பெட்டியில் 700சி ரயர் ஒரு சோடி, ரியூப் நான்கு, பிரேக் பாட் இரண்டு சோடி, ஒரு செயின், அந்தப் பித்தளை இணைப்பில் இரண்டு ஆகியவற்றை வைத்தால் இரண்டு மாரிக்குப் போதும்.