ஒரு பழைய கிரிக்கெட் விளையாட்டும் நம் மத்ரஸாவின் கணினியும்



மக்தபில் ஓதும் மாணவன் ஒருவன் தொடர்ந்து நான்கு நாட்கள் மஃக்ரிபுக்குப் பிந்தைய வகுப்புக்கு வரவில்லை. வயது பதின்மூன்று. தஜ்வீத் பிசகாமல் ஓதுபவன். யாஸீன் ஸூராவை மனனம் செய்துகொண்டிருந்தவன். "வீட்டுக் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஆடுகிறான், ஹஜ்ரத்" என்று உடன் ஓதும் பிள்ளைகள் சொன்னார்கள். ஐந்தாம் நாள் இஷா தொழுதுவிட்டு, கண்டித்தே தீருவது என்ற முடிவோடு பிள்ளையார்பாளையத்திலுள்ள அவன் வீட்டுக்குச் சென்றோம்.

அவனுடைய தந்தை பட்டுத் தறிகளுக்கு டிசைன் வரைந்து, ஜக்கார்டு அட்டை குத்திக் கொடுப்பவர். புடவையின் பேட்டிலும் முந்தியிலும் வரும் அன்னமும் மயிலும் முதலில் அவருடைய கணினித் திரையில் கட்டம் கட்டமாகப் பிறந்து, பிறகு அட்டையில் துளைகளாக மாறித் தறிக்கு ஏறுகின்றன. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் தம் தறிக்கு அமைத்த துளையட்டை முறையைத்தான் இங்கிலாந்தின் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் துளையட்டைகளைக் கொண்டே எண்ணப்பட்டது. ஆகவே தறி சார்ந்த வீடு ஒன்றில் கணினி இருப்பதில் வியப்பில்லை. தாய்வீட்டுக்கு வந்த பிள்ளை அது.

புதிய கணினி வாங்கிய பிறகு ஓரங்கட்டப்பட்ட பழைய கணினியைத் தந்தை மகனுக்குக் கொடுத்திருந்தார். அதில் ஓடிக்கொண்டிருந்தது ‘கிரிக்கெட் 07’.

நாற்பதைக் கடந்த நமக்கு அப்பெயர் புதிதன்று. ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு அது, ‘கிரிக்கெட் 2005’க்கு அடுத்த பாகம், உருவாக்கியது கனடாவின் எச்பி ஸ்டுடியோஸ். அட்டையில் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் நிற்பார். பேஸ்பால் பித்துக் கொண்ட அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இதே நிறுவனம் 1987இல் ‘எர்ல் வீவர் பேஸ்பால்’ என்றும், 1991இல் அதன் இரண்டாம் பாகம் என்றும் கொடுத்திருந்தது. அவர்களுக்கு அது எப்படியோ, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அப்படி. பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக் காசு கொடுத்து இதை ஆடிய தலைமுறை இன்று நம் பள்ளிவாசல் ஸஃப்புகளில் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தித் தொழுதுகொண்டிருக்கிறது.

அந்த வரிசையில் ஈஏ வெளியிட்ட கடைசிக் கிரிக்கெட் விளையாட்டும் இதுவே. அடுத்த பாகம் வராததால் ரசிகர்கள் தாங்களே ‘பேட்ச்’ செய்து இதற்கு உயிர் கொடுத்து வந்தனர். 2008இல்தான் தொடங்கிய ஐபிஎல் அணிகள், 2006ஆம் ஆண்டு விளையாட்டுக்குள் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றன.

சென்ற வேகத்தில் கணினியை அணைக்கச் சொல்லியிருப்போம். ஆனால் அவன் அப்போது ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கவில்லை; பெயர்களைத் திருத்திக்கொண்டிருந்தான். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகளுக்கு மட்டுமே உரிமம் பெறப்பட்டிருந்ததால், இந்திய வீரர்களுக்கெல்லாம் அதில் பொய்ப் பெயர்கள். அவற்றை மாற்றும் வசதியும் உண்டு. அவன் மாற்றி எழுதியிருந்த பதினொரு பெயர்களும் நம் மக்தப் பிள்ளைகளுடையவை. திக்குவாய் காரணமாகச் சத்தமாக ஓதக் கூச்சப்படும் ஒரு சிறுவன் அவ்வணியின் கேப்டன்.

நாம் உட்கார்ந்தோம்.

பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) பார்த்தார்கள். அவர்களாகவே சலிக்கும் வரை நபி (ஸல்) அவர்கள் மறைத்து நின்று கொடுத்தார்கள் என்ற ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். சலிக்கும் வரை நின்றார்கள் என்பது சட்டப் பாடத்தில் விரைவாகக் கடந்துபோகிற ஒரு செய்தி. அன்றிரவு ஐந்து ஓவர் ஆட்டத்தை முழுவதும் பார்த்தோம். ரிச்சி பெனாட் வர்ணனை செய்தார். அவர் 2015இல் இறந்துவிட்டார் என்று சொன்னபோது, "அப்படியா, ஹஜ்ரத்?" என்று சிறிது நேரம் மட்டையை அசைக்காமல் இருந்தான். திக்குவாய்ச் சிறுவன் இருபத்திரண்டு ஓட்டங்கள் எடுத்தான்.

ஆட்டம் முடிந்ததும் வகுப்பைப் பற்றிப் பேசினோம். மறுநாளிலிருந்து வருவதாக ஒப்புக்கொண்டான். எழுந்துவரும் வேளையில், ஆசிரியர்களுக்கே உரிய பழக்கத்தால் ஒரு கேள்வியைக் கேட்டுவைத்தோம்: "இந்த சிடி எங்கே வாங்கியது, தம்பி?"

மேற்புறம் மார்க்கர் பேனாவால் எழுதப்பட்ட நகல் சிடி. யாரோ யாருக்கோ கொடுத்து, சுற்றி வந்தது.

நமக்குத் தெரிந்த மஸ்அலாவைச் சொன்னோம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தன் 43ஆம் தீர்மானத்தில், நூலாக்கத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் உள்ள உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறல் கூடாது என்று முடிவு செய்தது. நம் துணைக்கண்டத்து உலமாக்களில் சிலர் முன்பு வேறு கருத்துக் கொண்டிருந்ததும் உண்மை. ஆயினும் 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரலைப் படைப்பாகவே ஏற்கிறது. நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்வதாக நாம் கொடுத்த வாக்கும் இருக்கிறது.

"இப்போது அவர்கள் விற்பதே இல்லையே, ஹஜ்ரத். யாருக்கு நஷ்டம்?" என்றான். விற்காமலிருப்பது வேறு, ஹலால் செய்து கொடுப்பது வேறு என்றோம்.

அவன் தலைகுனிந்து, குறும்பேதும் இல்லாமல் கேட்டான்: "நம் மத்ரஸா கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதா?"

வாங்கியதன்று. அது நமக்குத் தெரியும். வினாத்தாள் அடிக்கும் அரபு, தமிழ் எழுத்துருக்களும் ஒரு நண்பர் பென் டிரைவில் ஏற்றித் தந்தவை. பள்ளிக் கணக்கில் பணம் இல்லை என்ற சமாதானத்தை ஆண்டுக்கணக்கில் நமக்கு நாமே சொல்லி வந்திருக்கிறோம். அந்தக் கணினியில்தான் ‘அமானிதம்’ என்ற தலைப்பில் ஜும்ஆ உரையும் தட்டச்சு செய்தோம்.

பதில் சொல்ல முடியாமல் நின்ற நம்மைத் தந்தையின் குரல்தான் காப்பாற்றியது. அல்லது இன்னும் ஆழத்தில் தள்ளியது. அவர் மகனைக் கண்டிக்கவில்லை. தாம் இருபது நாள் கண் விழித்து வரைந்த கோர்வைப் பார்டர் ஒன்றை யாரோ விசைத்தறியில் அச்சாகப் போட்டு, ‘காஞ்சிப் பட்டு’ என்றே விற்ற கதையைச் சொன்னார். கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா. தறியில் இருவர் உட்கார்ந்து ஊடையைக் கோக்க வேண்டும். அந்த உழைப்பு விசைத்தறியில் இல்லை, விலையும் இல்லை. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. "இருந்து என்ன, ஹஜ்ரத்? வாங்குகிறவர்கள் கேட்பதில்லையே" என்றார். பிறகு மேசைமேல் கிடந்த சிடியைப் பார்த்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை.

அந்த வாரமே மத்ரஸா கணினியில் உபுண்டுவை ஏற்றினோம். அதற்கும், அதிலுள்ள லிப்ரே ஆபீஸுக்கும் கட்டணம் இல்லை. நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் அவற்றை ஆக்கியவர்களே அனுமதி தந்துள்ளனர். அரபுக்கு ‘அமீரி’ எழுத்துரு; எகிப்தின் பூலாக் அச்சகத்துப் பழைய எழுத்தழகைத் தழுவி உருவாக்கப்பட்டு, எல்லோருக்கும் இலவசமாக விடப்பட்டது. கிதாபுகளில் படித்துப் பழகிய கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. எளிதாக முடிந்தது என்று சொல்ல மாட்டோம். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்த வினாத்தாள்களெல்லாம் திறந்தபோது ஆங்கிலக் குறிகளாகச் சிதறிக் கிடந்தன. யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்ய ஏறத்தாழ மூன்று வாரம் ஆனது. பாதியை அந்த மாணவன்தான் அடித்துக் கொடுத்தான். நிர்வாகிகளில் ஒருவர், இத்தனை நாள் ஓடியதற்கு இப்போது என்ன வந்தது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம்.

தட்டச்சு முடிந்த அன்று, காகிதத்தில் சுற்றிய அந்த சிடியை அவன் நம் மேசையில் வைத்துவிட்டு ஒளு செய்யப் போனான். கணினிக்குள் இருந்த விளையாட்டையும் அழித்துவிட்டானா, மக்தப் பிள்ளைகளின் அணி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறதா என்று நாம் கேட்கவில்லை. மஃக்ரிபுக்கு வருகிறான். யாஸீனில் ஐம்பதாம் ஆயத்தைக் கடந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ்.