‘பொது’ என்று குறித்த வீடு

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வாசகர் வட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் செல்போனை நீட்டினான். ஸ்பெயின் நாட்டில், மத்தியதரைக் கடலை ஒட்டிய ஒரு கிராமத்தில், அடுக்குமாடி வீடு விற்பனைக்கு. இரண்டு படுக்கையறை, வெயில் விழுகிற பால்கனி, கடலுக்கு நடந்தே போய்விடலாம். விலையை நம்ம ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து எல்லாரும் சிரித்தோம்.

"சிரிக்காதீங்கக்கா. துட்டு மட்டும் இருந்தா இந்த வீட்ட நீங்க வாங்கிரலாம். ராசபாளையத்துல வாங்க முடியாதுல்ல" என்றான்.

எங்கள் வீட்டுக் கதை அவனுக்குத் தெரியாது. அவன் வீட்டில் நடந்ததைத்தான் சொல்லியிருப்பான்.

எங்க அய்யா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது வருசத்துக்கு மேல் பஞ்சுத் தூசி தின்றவர். அம்மா சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வேலைக்குப் போனாள். ஊர் உலகத்துக் காயத்தில் எல்லாம் சுத்துகிற துணி அது. யார் கைபட்டு வந்தது என்று காயம்பட்டவன் ஒருத்தனும் கேட்டதில்லை.

2013இல் அய்யா ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து கையில் கொஞ்சம் பணம். அண்ணன் வாத்தியார் வேலையில் இருந்ததால் பாங்குக் கடனும் கிடைக்கும். அய்யாவோடு ஒரே ஷிப்டில் இருந்த ஒருவர், மகனோடு திருப்பூருக்குப் போய்விட முடிவுசெய்து வீட்டை விற்கப் போட்டிருந்தார். ‘இந்த வீடு விற்பனைக்கு’ என்று சுவரில் நீலத்தில் எழுதி, கீழே போன் நம்பர். மச்சு வீடு, பின்னால் கிணறு, ஒரு முருங்கை. அய்யாவுக்கு அந்த முருங்கைதான் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு லட்சம் பேசி, பத்தாயிரத்து ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்க அய்யா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மில்லுக்குள் அய்யாவை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டவர், தன் தெருவில் நின்று "வாப்பா" என்றார். அய்யா அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. காபி வந்தது. எங்களுக்குப் பேப்பர் கப்பில், அவருக்கு எவர்சில்வர் டம்ளரில். இரட்டை டம்ளர் ஒழிந்துவிட்டது என்கிற ஆய்வாளர்கள் பேப்பர் கப்பையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எட்டு நாள் கழித்து, மில் கேட்டுக்கு எதிரே உள்ள கடையில் வைத்து அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. தெருவுல பேசிட்டாக. நான் போயிருவேன், என் தங்கச்சி அதே தெருவுலதான இருக்கா. அவ மகளுக்கு நாளைக்கு ஒரு மாப்பிள்ள வரணும்ல" என்றாராம். கேட்டுக்கு எதிரே என்பதால் மறுபடியும் ‘அண்ணே’. ஒரு லட்சம் குறைத்து அவர் சாதிக்காரருக்கே வீடு கைமாறியது. அந்த ஒரு லட்சத்தை நான் அடிக்கடி யோசிப்பேன். நாம் ஒரு தெருவுக்குள் வராமல் இருப்பதற்கு ஒரு மில் தொழிலாளி தன் கையிலிருந்து கொடுத்த விலை அது.

அய்யா மூன்று நாள் வீட்டில் சொல்லவில்லை. அட்வான்ஸ் நோட்டுகளை அரிசிப் பானையில் அம்மாதான் பார்த்தாள்.

அய்யாவுக்கு இது தெரியாததா என்று கேட்கலாம். 1997இல் எனக்கு ஒன்பது வயது. வீரன் சுந்தரலிங்கம் பேரில் விருதுநகரில் போக்குவரத்துக் கழகம் வந்தபோது, அந்தப் பேரைத் தாங்கிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் மறுத்ததும், ஊர் ஊராகக் கலவரம் மூண்டதும், ராத்திரியில் எங்க தெரு ஆம்பளைகள் தூங்காமல் கிடந்ததும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்கள் பேரையும் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். ஒரு பேரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து வர முடியாதவர்கள், ஆளையே பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்வார்களா? தெரிந்தும் அய்யா போனார். முப்பது வருச ஷிப்டை நம்பிப் போனார்.

அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தோம். புரோக்கர் நல்ல மனிதர்தான், குழைந்து பேசுவார். "எந்தத் தெரு மேடம்?" என்பார் முதலில். பிறகு "அப்பா பேரு?" அதிலும் பிடிபடவில்லை என்றால் "கோயில் எது கும்பிடுவீங்க?" சாதியை மட்டும் வாயால் கேட்கவே மாட்டார். ஒருநாள் அவர் போன் பேச எழுந்து போனபோது நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக ஓரத்தில் ஒரு எழுத்து. யாருக்கு விற்கலாம் என்பதற்கான குறி. சில வீடுகளுக்கு மட்டும் முழுச் சொல்லாக ‘பொது’ என்று இருந்தது. ஒரு வீடு ஓடைக்கரையில். ஒன்று சுடுகாட்டுப் பாதையில். ஒன்றுக்குக் கோர்ட்டில் வழக்கு. ‘பொது’ என்கிற சொல்லுக்குத் தமிழ் எம்.ஏ.வில் எனக்கு யாரும் இந்தப் பொருள் சொல்லித் தரவில்லை. 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் புரோக்கர் நோட்டில் அந்தச் சொல் இருந்ததே இல்லை.

மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே வக்கீலாக இருக்கும் தோழரிடம் போய்க் கேட்டேன். "விக்க மாட்டேன்னு வாயால ஒருத்தரும் சொல்லலையே. வித்துப்போச்சுன்னுதான சொல்றாங்க. எதை வச்சு கேஸ் போட?" என்றார். அகமதாபாத்தில் பார்சிகளின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம், பார்சி அல்லாதவருக்கு இடமில்லை என்று விதி வைத்துக்கொண்டது செல்லும் என 2005இல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டதையும் எடுத்துக் காட்டினார். எங்க ஊர்த் தெருக்களுக்கு எழுதி வைத்த விதிகூடத் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நம் மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம். பத்து வருசம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம்மவர்களுக்குத்தான் விற்கலாம், மீறி விற்றால் செல்லாது என்று நிபந்தனை. இந்தச் சட்டத்தை மீறி எத்தனை பேர் கைக்கு அந்த நிலம் போனது! காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது 1994இல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். நம் நிலத்தை அவர்கள் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, வாங்கிவிட்டார்கள். அவர்கள் வீட்டை நாம் வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, வாங்க முடியவில்லை.

ஸ்பெயினைக் காட்டிய தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் வெளிநாட்டுக்காரனுக்குக் குடியிருப்பு உரிமையே கொடுத்தது அந்த நாடு. 2013இல் தொடங்கி, 2025 ஏப்ரலில்தான் நிறுத்தினார்கள். அதே கடற்கரையில் அல்மேரியா என்று ஒரு பகுதி. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஐரோப்பாவுக்கே காய்கறி விளைகிறது. பறிப்பவர்களில் நிறையப் பேர் மொராக்கோவிலிருந்து வந்த கூலிகள். அங்கே எல் எகிடோ என்ற ஊரில் 2000 பிப்ரவரியில் அவர்களை அடித்து விரட்டி, இருப்பிடங்களையும் கடைகளையும் தாக்கினார்கள். இன்றும் பலருக்குக் கிடைப்பது அட்டையும் பிளாஸ்டிக்கும் வைத்துக் கட்டிய குடிசைதான். தக்காளி பறிக்கிற கைக்கு அங்கேயும் சுலபமாக வீடு கிடைப்பதில்லை, தம்பி. விளம்பரத்தில் கடல் மட்டும்தான் தெரியும்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருந்தாலும் அங்க துட்டு வந்துட்டா ஆள் மாறிருதுல்லக்கா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அய்யா அந்தப் பணத்தில் எங்க தெரு வீட்டு மேலேயே மாடி எடுத்தார். மொட்டைமாடியில் நின்றால் சஞ்சீவி மலை தெரியும். ஒரு முருங்கைக் கம்பும் ஊன்றினார். கம்பளிப்பூச்சித் தொல்லை என்று அம்மா வெட்டச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

போன வாரம் புரோக்கர் போன் செய்தார். இத்தனை வருசம் கழித்தும் என் நம்பரை வைத்திருக்கிறார். "மேடம், ஒரு வீடு வந்திருக்கு. பொதுதான். நீங்க பாக்கலாம்."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து தூரம் சொன்னார், தெருப் பேரைச் சொல்லவில்லை. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "தண்ணி வருமான்னு கேளு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.